காக்கையின் மீது பழி

காக்கைகள் மனிதர்மீது பாய்வதாக எழுதினால் வாசகர் நடுங்குகின்றனர். காரணம் கூறாது முடித்தாலோ சீறுகின்றனர். டாஃப்னே டு மோரியே அம்மையார் 1952-ல் வெளியிட்ட ‘பறவைகள்’ என்னும் ஆங்கிலக் கதையில் காதலில்லை. 1963-ல் அதைப் படமாக்கிய ஹிட்ச்காக், களத்தைக் கலிபோர்னியாவுக்கு மாற்றிக் காதலையும் சேர்த்தார். பள்ளிப் பிள்ளைகளைக் காக்கைகள் துரத்தும் காட்சி பேர்பெற்றது. காரணத்தை இருவருமே திட்டமாகக் கூறினாரில்லை. அதைக் குறையென்று நாம் கருதவில்லை.

நமது கவலை வேறு. அனுமந்தன்பட்டி இளைஞர் இத்தகைய கதையைப் படிக்கும் அதே பள்ளத்தாக்கில்தான் குச்சனூர்ச் சனீசுவரன் சந்நிதி உள்ளது. காக்கை அவருக்கு வாகனம். காக்கை தலையில் தட்டிவிட்டதென்று மேற்கொண்ட காரியத்தைக் கைவிட்டு வீடு திரும்புவோர் இன்றும் உளர். அந்த அச்சத்துக்கு நாவலும் உரமிடுவதா? தமிழ்க் காதலில் காக்கைக்கு வேறு பணியன்றோ! குறுந்தொகை 210-ஆம் பாட்டில், விருந்தினர் வருகையை அறிவித்துத் தலைவியைத் தேற்றிய காக்கைக்கு ஏழு கலத்தில் நெய்ச்சோறிட்டாலும் போதாதென்கிறாள் தோழி. பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்தது.

மர்மந்தான் வேண்டுமெனின் அதற்கும் பஞ்சமில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையார் 2006-ல் முகமூடியணிந்து சில காக்கைகளைப் பிடித்து விடுவித்தனர். ஆண்டுகள் பல சென்ற பின்னும், அம்முகமூடி தெருவில் தோன்றியபோதெல்லாம் காக்கைகள் கூட்டங்கூடித் திட்டின.