மடிக்கணினியைத் துடைக்கும் முன்

2020 மார்ச் 18-இல் கோவிட் காரணமாக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பாடமும் வேலையும் வீட்டு மேசைக்கே வந்து சேர்ந்தன. கெடா மாநிலத்தின் பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் பக்கத் தோட்டப்புறங்களில் ஒரே மடிக்கணினியை வைத்துச் சமாளித்த குடும்பங்கள் உண்டு. அக்கா படித்து முடித்ததும் தம்பி உட்காருவான். இரவில் அப்பா அதில் கணக்குப் பார்ப்பார். இத்தனை கை படும் பொருளைத் துடைத்து வைப்பது அவசியம்தான். ஆனால் அழுக்கைப் போக்க எதை எடுக்கிறோம் என்பதில் நமக்கு இன்னும் கவனம் வேண்டும்.

திரைக்குத் தண்ணீரே போதும்

கணினியை அணையுங்கள், மின்கம்பியைப் பிடுங்குங்கள், சூடு தணியட்டும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் உலரத் துடைத்தாலே தூசு போய்விடும். பிசுக்கு இருந்தால் துணியின் ஒரு மூலையை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் துடையுங்கள். திரையின் மேல் நேராகத் தெளித்தால் நீர் கீழ் விளிம்புக்குள் இறங்கிப் படத்தில் கோடு விழலாம். டிஷ்யூவும் பழைய நாளிதழும் கீறிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவு நீர் திரையின் பூச்சைக் கெடுக்கும்.

1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் சில்லுத் தொழிற்சாலைகளில், தூசில்லா அறைக்குள் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். நூல் உதிராத துணியின் அருமையை அவர்களே சொல்வார்கள்.

விசைப்பலகைக்கும் வெளிக்கூட்டுக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் பொருந்தும். 99 விழுக்காடு இன்னும் வலுவானது என்று எண்ணி வாங்க வேண்டாம். அது கிருமியைக் கொல்லும் முன்பே ஆவியாகிவிடும். 70-இல் உள்ள நீர்தான் அதைச் சற்று நேரம் ஈரமாக நிறுத்தி வேலை செய்ய விடுகிறது.

கை, கால், வாய்ப்புண் நோய் வந்தால்

கோவிட் காலத்தில் எல்லாவற்றையும் ஆல்கஹாலால் துடைத்துப் பழகினோம். பொருள்களைத் தொடுவதால் கோவிட் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே விளக்கியது. கை, கால், வாய்ப்புண் நோயின் கதை வேறு. 1997-இல் சரவாக்கில் குழந்தைகளின் உயிரைப் பறித்த நோய் அது. 2022-இலும் நாடெங்கும் பாலர்பள்ளிகளில் பரவியது. இதை உண்டாக்கும் என்டரோ வைரசுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் அதை எளிதில் அழிக்காது. குளோரின் வெளுப்பான் அழிக்கும்; ஆனால் அதைக் கணினியில் பூச முடியாது.

ஆகவே வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் வந்தால், குணமாகும் வரை கணினியை அந்தப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். மற்றவர்கள் அதைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். எத்தனை முறை துடைத்தாலும் இந்தக் கை கழுவலுக்கு ஈடாகாது.

கலக்கக் கூடாதவை

குளோராக்ஸ் போன்ற வெளுப்பானோடு கழிவறை அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். விசைகளுக்கு இடையில் எறும்பு ஓடினால் பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். அந்த மருந்து விரலில் ஒட்டி, சாப்பாட்டோடு வாய்க்குப் போகும். கணினியைக் கவிழ்த்து மெல்லத் தட்டுங்கள். வயல் வைக்கோல் எரியும் நாளிலும் புகைமூட்ட நாளிலும் தூசு தட்டுகிறவர் முகக்கவரி அணியட்டும்.

அடிப்பக்கம் உப்பியிருந்தால் துடைப்பதை நிறுத்துங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கலாம். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம். மின்னேற்றாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

போத்தலை எங்கே வைப்பது

ஐசோபுரோபைல் ஆல்கஹால் 12 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் ஆவியை விடும்; நம் வீட்டு வெப்பமோ 30 டிகிரியை ஒட்டியது. சாமி விளக்கும் கொசுவர்த்தியும் எரியும் இடத்தில் அதைத் திறக்கக் கூடாது. சன்னல் திறந்திருக்கட்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது, மீந்த திரவத்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது. தண்ணீர் நிறத்தில் இருப்பதைப் பிள்ளை தண்ணீர் என்றே குடிக்கும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள், அல்லது சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை போன்ற அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு உடனே தூக்கிச் செல்லுங்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை தரும். என்ன குடித்தது என்று மருத்துவர் கேட்பார். அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.