மண்ணுக்கடியில் ஒரு நெடுவழி

நுழையும்முன்

நாம் நடக்கும் மண்ணுக்குக் கீழே பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு எரிவாயு ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்த ஓட்டத்தை நெறிப்படுத்துவது எஃகுக் குழாய் மட்டுமன்று, சட்டமும் ஆகும். நிலத்தின் உரிமை, மக்களின் உயிர், நாட்டின் எரிபொருள் தேவை ஆகிய மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த முயலும் அச்சட்டங்களை இப்பாடம் விளக்குகிறது.

குழாயும் அழுத்தமும்

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன் என்னும் வளியாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. அது காற்றை விட இலேசானது. நெடுந்தொலைவுக்கு மிகுந்த அளவில் கொண்டுசெல்ல வேண்டுமாயின், அதனை உயர் அழுத்தத்தில் செலுத்த வேண்டும். அழுத்தம் மிகும்போது குழாயின் சிறு பழுதும் பேராபத்தாக மாறக்கூடும். ஆகவே, யார் வேண்டுமானாலும் இத்தகைய குழாயைப் பதிக்கலாம், இயக்கலாம் என்று எந்த நாடும் விட்டுவிடுவதில்லை.

சட்டம் இயற்றும் அதிகாரம்

இந்தியாவில் எரிவாயு குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் மைய அரசுக்கு உரியதா, மாநில அரசுக்கு உரியதா என்னும் வினா முன்பு எழுந்தது. குஜராத் மாநிலம் 2001ஆம் ஆண்டில் எரிவாயுவைக் கொண்டுசெல்வதற்கும் வழங்குவதற்கும் தனிச்சட்டம் இயற்றியிருந்தது. 2004ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இயற்கை எரிவாயு மைய அரசுப் பட்டியலின் 53ஆம் பதிவுக்குள் அடங்கும் எனத் தெளிவுபடுத்தியது. அதன்பின், நாடு முழுமைக்குமான ஒரே ஒழுங்குமுறைக்கு வழி பிறந்தது.

நிலமும் பயன்பாட்டு உரிமையும்

1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்த்தடங்கள் சட்டம் ஒரு நுட்பமான வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. இச்சட்டத்தின்படி அரசு நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. நிலத்தின் அடியில் குழாய் பதிக்கும் ‘பயன்பாட்டு உரிமை’யை மட்டுமே பெறுகிறது. நிலம் உரியவரிடமே இருக்கும். அவர் முன்போல் உழலாம், விதைக்கலாம், அறுவடை செய்யலாம். ஆனால், குழாய் செல்லும் பட்டையில் கட்டடம் எழுப்பவோ, கிணறு, குளம் வெட்டவோ, மரம் நடவோ இயலாது.

இவ்வுரிமையைப் பெறுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அரசிதழில் அறிவிக்கை வெளியிடப்படும். அதிலிருந்து 21 நாள்களுக்குள் நிலத்தில் உரிமையுடையோர் தம் எதிர்ப்பை எழுத்துமூலம் தெரிவிக்கலாம். உரிய அலுவலர் அவர்களை நேரிலோ, வழக்கறிஞர் வழியாகவோ கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும். குடியிருப்பு நிலத்தின் அடியிலும், ஏற்கெனவே நிலைத்த கட்டடம் உள்ள இடத்திலும் குழாய் பதித்தலைச் சட்டம் தடுக்கிறது. தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் பதித்தலும் கூடாது.

பயிருக்கும் மரத்துக்கும் நேர்ந்த சேதத்திற்கு இழப்பீடு உண்டு. அதனுடன், அந்நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு வழங்கப்பட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. தொகையில் நிறைவு கொள்ளாதவர் மாவட்ட நீதிபதியை அணுகலாம்.

உழவர் எழுப்பிய வினா

கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாகப் பெங்களூருக்கும் மங்களூருக்கும் செல்லும் எரிவாயுக் குழாய்த்தடம் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் வழியே திட்டமிடப்பட்டது. அம்மாவட்டங்களின் உழவர்கள் இதனை எதிர்த்தனர். சிறு நிலமுடைய ஒருவருக்குக் கிணறு வெட்டவும் தென்னை நடவும் உரிமையில்லாத பட்டை எதற்குப் பயன்படும் என்பதே அவர்தம் வினா. 2013ஆம் ஆண்டில் தமிழக அரசு, குழாயை நெடுஞ்சாலைகளின் ஓரமாகக் கொண்டுசெல்ல வலியுறுத்தியது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திற்கும், பின்னர் உச்சநீதிமன்றத்திற்கும் சென்றது. இரு நீதிமன்றங்களும் திட்டத்திற்குச் சார்பாகவே தீர்ப்பளித்தன. சட்டம் வென்றது, ஆயினும், 10 விழுக்காடு போதுமா என்னும் வினா இன்னும் உயிர்ப்புடன் உள்ளது.

இயக்குநருக்கான அங்கீகாரம்

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. இவ்வாரியத்தின் அங்கீகாரம் இன்றி எந்த நிறுவனமும் பொதுப் பயன்பாட்டுக்குரிய குழாய்த்தடத்தை அமைக்கவோ, இயக்கவோ, விரிவாக்கவோ முடியாது.

அங்கீகாரம் என்பது உரிமை மட்டுமன்று. கடமைகளின் தொகுதியும் ஆகும். குழாயின் உடைமையாளர் தம் எரிவாயுவை மட்டும் செலுத்திப் பிறரைத் தடுத்தல் கூடாது. ஒரு சாலையில் பலரது வண்டிகளும் செல்வதுபோல, பிறருடைய எரிவாயுவுக்கும் பாகுபாடின்றி இடமளிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை வாரியமே வரையறுக்கிறது. விதிகளை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை கூடுதலாக விதிக்கலாம். அங்கீகாரத்தை நிறுத்திவைக்கவும் நீக்கவும் சட்டம் இடமளிக்கிறது. பாதிக்கப்பட்டோர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும், அதன்பின் உச்சநீதிமன்றத்தையும் நாடலாம்.

வீடுகளை எண்ணும் விதி

வாரியம் 2009ஆம் ஆண்டில் தொழில்நுட்ப, பாதுகாப்புத் தரங்களை விதிகளாக வெளியிட்டது. இவ்விதிகளுள் ஒன்று கருதத்தக்கது. குழாயின் இருமருங்கிலும் 200 மீட்டர், நீளவாக்கில் 1.6 கிலோமீட்டர் என்னும் பரப்புக்குள் எத்தனை வீடுகள் உள்ளன என்று எண்ணப்படுகிறது. பத்து அல்லது அதற்குக் குறைவாயின் அது முதல் வகை. 46 அல்லது அதற்கு மேலாயின் மூன்றாம் வகை. இடைப்பட்டது இரண்டாம் வகை. அடுக்குமாடிகள் நிறைந்த பகுதி நான்காம் வகை. முதல் வகையில் எஃகின் தாங்குதிறனில் 72 விழுக்காடு வரை அழுத்தம் தரலாம். நான்காம் வகையில் 40 விழுக்காடுதான். மக்கள் மிகுமிடத்தில் குழாயின் சுவர் தடிக்கிறது. ஓட்டத்தை அடைக்கும் தடுக்கிதழ்களின் இடைவெளியும் சுருங்குகிறது. மனித உயிரை எண்ணி எஃகின் அளவைத் தீர்மானிக்கும் விதி இது.

நகரம் கற்பித்த பாடம்

விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 2014ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் விடியற்காலையில், ஆந்திர மாநிலம் கிழக்குக் கோதாவரி மாவட்டத்தின் நகரம் என்னும் சிற்றூரில் எரிவாயுக் குழாய் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் தென்னைகளும் கருகின. உலர்ந்த எரிவாயுவுக்கென அமைக்கப்பட்ட குழாயில் ஈரம் கலந்த எரிவாயு சென்றதால், உட்புறம் அரிக்கப்பட்டிருந்தது. துருவைத் தடுப்பதும், குழாயின் உட்புறத்தைக் கருவி செலுத்தி ஆய்வதும், தடத்தைக் கண்காணிப்பதும் வெறும் சடங்குகள் அல்ல என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

குடிமக்களின் பங்கு

குழாய் பழுதடைவதற்குப் பிறர் தோண்டுதலும் ஒரு காரணமாகும். வயல்வெளியில் நிற்கும் குழாய்த்தடக் குறியீட்டுக் கற்கள் வெறும் எல்லைக் கற்கள் அல்ல, எச்சரிக்கைகள். தோண்டுவதற்கு முன் உரியவருக்குத் தெரிவிக்க உதவும் கைப்பேசிச் செயலியை நடுவண் அரசு 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கிவைத்தது. நெடுந்தொலைவுக் குழாயில் செல்லும் எரிவாயுவுக்குப் பெரும்பாலும் மணமூட்டப்படுவதில்லை. ஆதலால் மணத்தை மட்டும் நம்பியிராமல், சீறும் ஒலி, திடீரென வாடும் பயிர், நீரில் எழும் குமிழ்கள் ஆகியவற்றைக் கண்டால் உடனே விலகிச் சென்று தகவல் தர வேண்டும்.

ஒரு சட்டத்தின் தகுதி, அது வலியவருக்குத் தரும் உரிமையால் மட்டும் அளக்கப்படுவதன்று. எளியவருக்குத் தரும் காப்பாலும் அளக்கப்படும். நாட்டிற்கு எரிபொருள் தேவை. அந்த எரிபொருள் செல்லும் மண்ணில் வாழ்வோர்க்கு நீதியும் பாதுகாப்பும் தேவை. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறும்போதே மண்ணுக்கடியில் செல்லும் அந்நெடுவழி மக்களுக்கு உரிய வழியாகும்.