சுடுமண் வடிகட்டியும் குடிநீரும்

செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் நீர் வடிகட்டி வாங்கும் விவசாயிகள், ‘இனி எந்த நீரையும் பருகலாமா?’ என நம்மைக் கேட்பதுண்டு. ஆகாது என்பதே நமது விடை.

களிமண்ணுடன் மரத்தூள் அல்லது உமி கலந்து சுட்டால், அது எரிந்து மண்ணில் நுண்துளைகள் உண்டாகின்றன. அவற்றின் வழியே நீர் கசியும்போது கலங்கலும், பேதியை விளைவிக்கும் பாக்டீரியாக்களும் தங்கிவிடுகின்றன. குயவர்களே செய்யத்தக்க இத்தகைய வடிகட்டிப் பானையை 1981-இல் குவாதமாலா நாட்டில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பார் உருவாக்கினார். எனினும் வைரஸ் கிருமிகள் தப்பக்கூடும். மஞ்சட்காமாலை பரவுங்காலத்தில் நீரைக் காய்ச்சியே பருகுதல் வேண்டும்.

கீறல் விழுந்த வடிகட்டி பயன்படாது. நீர் மெதுவாக இறங்கினால் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுக, சோப்பு கூடாது. வடிந்த நீரில் கையிட்டு மொள்ளாது, குழாய் பொருத்திய மூடிய கலத்தில் வைத்திடுக.

சேலம் மாவட்டத்தில் சில இடங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. நீரில் கரைந்த அதனை இவ்வடிகட்டி நீக்காது, காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை நெடுநாள் பருகினால் பிள்ளைகளின் பற்களில் கறை படியும். அளவு மிகமிக எலும்புகளும் கெடும். ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஊர்க் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பி, முடிவை ஊரார் அறியச் செய்வார்களாக. வடிகட்டி வாங்குவது அதற்குப் பின்னரே.