முகவரியில் நுழையும் %2520: நீக்குவது எப்படி?

இன்டர்நெட் முகவரி ஒன்றை காப்பி செய்து வேறிடத்தில் பேஸ்ட் செய்தால், தமிழ்ச் சொல் இருந்த இடத்தில் சதவீதக் குறிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். முகவரியில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டுமே அப்படியே செல்லலாம். மற்றவை % குறியும் அதற்குரிய இரண்டு இலக்கக் குறியீடுமாக மாறும். 2005ல் வெளியான ஆர்.எப்.சி. 3986 இதை வரையறுக்கிறது.

இடைவெளிக்கு %20. தேடும் சொல்லுக்குள் வரும் & குறிக்கு %26. % குறிக்கே %25. தமிழுக்கு இன்னும் இடம் தேவை. "போடி" என்பது யூனிகோடில் நான்கு குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் அது 36 கேரக்டர்களாக நீளும்.

ஏற்கெனவே மாற்றிய முகவரியை ஒரு புரோகிராம் மறுபடியும் மாற்றினால்தான் சிக்கல். %20ல் உள்ள % குறி %25 ஆகி, %2520 என்றாகிவிடும். தளமோ "போடி%20ஏலக்காய்" என்ற சொல்லைத் தேடிவிட்டு, "கிடைக்கவில்லை" என்று சொல்லும்.

போடிமெட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் மாமா, ஏலக்காய் விலை பார்க்கும் தேடல் முகவரிகளை ஒரு பைலில் சேர்த்து வைத்திருக்கிறார். போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடப்பதால், வெளி விலையை ஒப்பிட அவை அவருக்குத் தேவை. அவற்றில் பல இப்படிக் கெட்டிருந்தன. ஒவ்வொன்றாகத் திருத்தாமல் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மூலம் சரி செய்தோம். ஒரு சொல்லைத் தேடாமல், அதன் அமைப்பைத் தேடும் முறை இது. 1968லேயே கென் தாம்ஸன் இதை எடிட்டருக்குள் கொண்டுவந்தார்.

1. பைலை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸில் திறக்கவும்.
2. கன்ட்ரோல் + எச் அழுத்தி, சர்ச் மோடில் ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் தேர்ந்தெடுக்கவும்.
3. தேடும் கட்டத்தில் %(25)+(20|26) என்றும், மாற்றும் கட்டத்தில் %\2 என்றும் டைப் செய்யவும்.
4. ரீப்ளேஸ் ஆல் கிளிக் செய்யவும்.

(25)+ என்றால் 25 ஒரு முறையோ பல முறையோ வரலாம். | என்பது "அல்லது". \2 என்பது இரண்டாவது அடைப்புக்குறியில் சிக்கியது. ஆகவே %2520, %252520 இரண்டுமே %20 ஆகும்.

இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று %26ஐ & ஆக மாற்றினால் ஆபத்து. "ஏலக்காய்%26மிளகு" என்பது ஒரே தேடல். அதில் & வைத்தால் தளம் ஏலக்காயோடு தேடலை முடித்துக்கொண்டு, மிளகை வேறொரு தகவலாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் பிழைச் செய்தி வராது. பார்ப்பவர் மிளகு சரக்கே இல்லை என்று நினைத்து விலை பேசிவிடுவார். %20ஐயும் இடைவெளியாக்க வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது லிங்க் அந்த இடத்திலேயே துண்டாகிவிடும்.