பறவை விதைக்கும் பைன் காடு

வட அமெரிக்காவின் ராக்கி, சியரா நெவாடா, காஸ்கேட் மலைகளில், மற்ற மரங்கள் தாக்குப்பிடிக்க முடியாத உயரத்திலும் வெண்பட்டை பைன் வேரூன்றி நிற்கிறது. கடுங்காற்றும் கல் மண்ணும் அதற்குப் பழகியவை. ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய மரங்களும் உண்டு. ஆனால், தன் விதையைத் தானே பரப்ப அதனால் முடியாது.

பெரும்பாலான பைன்களின் கூம்புகள் முற்றியதும் விரிந்து, சிறகுள்ள விதைகளைக் காற்றில் விடும். வெண்பட்டை பைனின் கூம்போ தானாக விரியாது. பட்டாணி அளவுள்ள விதைக்குச் சிறகும் கிடையாது. கூம்பைத் திறப்பது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த கிளார்க் நட்கிராக்கர் என்ற பறவை. கோடையின் கடைசியில் கிளை நுனியில் அமர்ந்து, ஊதா நிறக் கூம்பின் செதில்களைக் கூரிய அலகால் கொத்திப் பிளக்கிறது. விதைகளை ஒவ்வொன்றாக உருவி, நாக்குக்கு அடியில் உள்ள பைக்குள் தள்ளுகிறது. தொண்டை புடைத்துத் தெரியும் அளவுக்கு அதில் நூறு விதைகள்கூடக் கொள்ளும். பிறகு பறந்துபோய், மூன்று நான்கு விதைகளாகப் பிரித்து, இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் புதைக்கிறது. நல்ல விளைச்சல் ஆண்டில் ஒரே பறவை பல்லாயிரம் விதைகளைப் புதைக்கும். பாறைகளையும் மரங்களையும் அடையாளமாக நினைவில் வைத்து, அடுத்த கோடை வரை தோண்டி உண்ணும்; குஞ்சுகளுக்கும் ஊட்டும். எடுக்காமல் விட்ட விதைகள் முளைத்துக் காடாகின்றன.

கொழுப்பு நிறைந்த இந்த விதைகளைச் செவ்வணில்களும் கூம்போடு சேர்த்துப் பதுக்கிவைக்கும். அந்தப் பதுக்கலைத் தோண்டித் தின்று, கிரிஸ்லி கரடிகள் குளிர்கால உறக்கத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளும். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் பகுதிக் கரடிகள் கீழிறங்கி, மனிதர்களோடு மோத நேர்கிறது. மரங்களின் நிழலில் பனி மெதுவாக உருகுவதால், கோடையிலும் ஓடைகளில் நீர் ஓடுகிறது.

இந்தக் காடுகள் இன்று அழிந்துவருகின்றன. பிரான்சிலிருந்து வந்த பைன் நாற்றுகளோடு 1910-இல் வான்கூவரில் இறங்கியது ஒரு துருநோய்ப் பூஞ்சை. ஊசியிலையின் நுண்துளை வழியே நுழைந்து கிளைக்குப் பரவி, பட்டையைச் சுற்றி அரித்துவிடுகிறது. விதை தரும் மேல்கிளைகள்தான் பெரும்பாலும் முதலில் காய்கின்றன. குளிர் தணிந்ததால், முன்பு உறைந்து மடிந்த மலைப் பைன் வண்டுகள் உயரத்திலும் பெருகின. இயற்கையான காட்டுத்தீயைத் தொடர்ந்து அணைத்துவந்ததில், நிழலிலும் வளரும் ஃபர் மரங்கள் பைனை நெருக்கிவிட்டன. 2016 கணக்கின்படி, அமெரிக்காவில் நிற்கும் வெண்பட்டை பைன்களில் 51 சதவீதம் பட்டுப்போனவை. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது.

நோயைத் தாங்கி நிற்கும் மரங்களைத் தேடிப்பிடித்து, அவற்றில் ஏறி, பறவைக்கு எட்டாதபடி கூம்புகளைக் கம்பிவலையால் மூடுகிறார்கள் வனத்துறையினர். இலையுதிர் காலத்தில் விதை எடுத்து, நாற்றுகளைப் பூஞ்சை வித்துகளால் சோதித்து, தாங்குகிற வகைகளிலிருந்து மலையில் நடுவதற்கு நாற்று வளர்க்கிறார்கள்.

ஆனால், அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் பிழைத்தால் போதாது. ஹெக்டேருக்குச் சுமார் 1,000 கூம்புகளாவது இல்லாத காட்டுக்கு நட்கிராக்கர் வந்து விதை பரப்புவது வெகுவாகக் குறைகிறது என்று ராக்கி மலை ஆய்வுகள் காட்டுகின்றன. பறவை வராவிட்டால் புதிய கன்றும் இல்லை. இன்று நடும் நாற்று முதல் கூம்பு விட 20, 30 ஆண்டுகள் ஆகும். முழு விளைச்சலுக்கு 60 ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை பறவையை அந்த மலைகளில் தக்கவைக்கப்போவது இப்போது காய்த்துக்கொண்டிருக்கும் மரங்கள்தான். அதனால், புதிய நாற்றுகளை நடும் அதே அக்கறையோடு, உயிரோடு நிற்கும் ஒவ்வொரு முதிர்ந்த மரத்தையும் வண்டிடமிருந்தும் பெருந்தீயிலிருந்தும் காக்க வேண்டும்.