இறக்கி வைக்கத் தெரிய வேண்டும்!

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு வீடு மாற்றுவது புதிதல்ல. பாங்க் உத்தியோகமோ, ரெயில்வேயோ, சாலைக் கடைத்தெருவில் வியாபாரமோ, எதுவானாலும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மூட்டை கட்டத்தான் வேண்டியிருக்கிறது. வண்டியில் சாமான் ஏற்றும்போது பிரச்சினை இல்லை. சொந்த ஊரில் சித்தப்பா பிள்ளைகள், எதிர்வீட்டு அண்ணாச்சி, தெருப் பையன்கள் என்று பத்துப் பேர் கை கொடுப்பார்கள். ஆனால் புது ஊரில், பெயர் தெரியாத தெருவில், மாலை மயங்கும் நேரத்தில் அதே வண்டி வந்து நிற்கும்போது இறக்கி வைக்க யார் இருக்கிறார்கள்? கஷ்டம் ஏற்றுவதில் இல்லை, இறக்குவதில்தான் இருக்கிறது. இதை எங்கள் குடும்பம் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுக்கல் வந்த நாள்

1994-ஆம் ஆண்டு அப்பாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலாயிற்று. கரமனைப் பக்கம் ஒரு வாடகை வீடு. மினி லாரியில் இரும்பு பீரோ, கட்டில், பாத்திர மூட்டைகள். அவற்றோடு பாட்டியின் ஆட்டுக்கல். "கிரைண்டர் இருக்கும்போது அது எதற்கு?" என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா மசியவில்லை.

வண்டி நின்றதும் நாலு சுமட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஒரு தொகை சொன்னார்கள். அப்பாவுக்கு அது அநியாயமாகப் பட்டது. "நாங்களே இறக்கிக்கொள்கிறோம்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. எதிர்ப்புறத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலும் மூட்டைகளும் இறங்கின. பீரோவையும் ஒருவழியாக இறக்கினோம். கடைசியில் ஆட்டுக்கல். அப்பா, மாமா, டிரைவர் மூன்று பேரும் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு அதன் மேல் கல்லைச் சறுக்கவிட்டார்கள். பலகையின் மேல்நுனியை யாரும் கட்டவில்லை. பாதி வழியில் பலகை நழுவியது. கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்த மாமாவின் வலது கால் கல்லுக்கு அடியில் போய்விட்டது.

திண்ணையில் இருந்த நாலு பேரும் ஓடி வந்தார்கள். "மாறி நில்லு சாரே!" என்று அப்பாவை ஒதுக்கிவிட்டு, ஒருவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப, இருவர் கல்லைப் புரட்ட, நாலாமவர் மாமாவை இழுத்துத் தூக்கினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். மாமாவுக்கு இரண்டு விரல்கள் முறிந்திருந்தன. மறுநாள் அப்பா கூலி கொடுக்கப் போனபோது, கல்லை உள்ளே கொண்டு வைத்ததற்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மாமா இன்றும் மழைக்காலத்தில் அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

கல்லின் எடை என்ன?

அப்பா செய்த முதல் தவறு, எடையைக் கணக்குப் போடாதது. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ இருக்கும். ஒன்றரை அடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள ஆட்டுக்கல், குழியைக் கழித்தாலும் நூறு கிலோவுக்குக் குறையாது. ஒரு மனிதன் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. கேரளத்தில் தலைச்சுமையின் உச்ச வரம்பு 75 கிலோவாக இருந்தது. அதை 55 கிலோவாகக் குறைக்க 2021-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. தினமும் சுமக்கிறவருக்கே இதுதான் அளவென்றால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் நம் முதுகுக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது

முதலாவது, கழற்ற முடிந்ததையெல்லாம் வண்டியில் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். பீரோவின் தட்டுகள், ஆட்டுக்கல்லின் குழவி, கிரைண்டரின் பாத்திரம் எல்லாம் தனித்தனியாக இறங்கட்டும். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் பிக்கப் வண்டியின் பின்தட்டில் டிரெய்லரை இணைக்கும் இரும்புப் பூட்டைப் பொருத்தியிருப்பார்கள். நம் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளில் காணும் இணைப்பின் சின்னத் தம்பி அது. ஐம்பது கிலோவிலிருந்து நூறு கிலோவுக்கு மேலும் இருக்கும். அங்கே கூலிக்கு ஆள் கிடைப்பது அரிது. தனியாளாகத்தான் இறக்க வேண்டும். ஆணிகளை உருவித் தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் பிரித்துக்கொண்டு, எஞ்சின் தூக்கும் சிறு கிரேனில் மாட்டிப் பாரத்தை உயர்த்துவார்கள். பிறகு பாரத்தை நகர்த்துவதில்லை. வண்டியைத்தான் மெதுவாக முன்னே ஓட்டி எடுத்துவிடுகிறார்கள். இந்த யுக்தி நமக்கும் உதவும்.

இரண்டாவது, சாய்வுப் பலகை. லாரித் தட்டு தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்றால் பத்தடி நீளப் பலகை வேண்டும். அப்போது நூறு கிலோ கல்லைப் பிடித்து நிறுத்தக் கால் பங்கு, அதாவது 25 கிலோ பலம் போதும். உராய்வு இருப்பதால் அதைவிடவும் குறையும். ஐந்தடிப் பலகையானால் பலம் இரண்டு மடங்கு வேண்டும். பலகை கனமாக இருக்க வேண்டும். அதன் மேல்நுனியை லாரித் தட்டோடு கயிற்றால் கட்ட வேண்டும். வண்டியை கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பாரத்தைக் கீழே நின்று தாங்கவே கூடாது. மேலேயிருந்து கயிற்றால் பிடித்து இறக்க வேண்டும். கயிற்றை லாரியின் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஒருவரே பிடித்துக்கொள்ளலாம். பலகை முடியும் இடத்தில் ஒரு பழைய டயரைப் போட்டு வையுங்கள். நழுவினாலும் டயரில்தான் விழும்.

நான்காவது, செயின் பிளாக். ஒர்க்ஷாப்பில் எஞ்சின் தூக்கும் இந்தச் சங்கிலிக் கப்பி வாடகைக்குக் கிடைக்கும். சங்கிலியைக் கைவிட்டாலும் பாரம் கீழே வராமல் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் அதைச் சீலிங் ஃபேன் கொக்கியில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்தக் கொக்கி காற்றாடிக்காகப் போட்டது.

ஐந்தாவது, கட்டளையிடுவது ஒரே குரலாக இருக்க வேண்டும். மூன்று பேர் மூன்று விதமாகக் கத்தினால் நாலாமவர் கால் போகும்.

தும்பாவில் நடந்தது

பாரம் இறக்குவது சாமானியர் கவலைதானே என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் விண்வெளிப் பயணமே நம் ஊரில் இந்தச் சங்கடத்தோடுதான் தொடங்கியது.

1963 நவம்பர் 21. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட வேண்டிய நாள். அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி ராக்கெட், சுமார் 700 கிலோ எடை. புனித மரிய மகதலேனா தேவாலயக் கட்டடத்தில் வைத்துப் பூட்டப்பட்டு, லாரியில் ஏவுதளத்துக்கு வந்தது. ராக்கெட்டைப் பூட்டி ஏவும் ஏற்பாடு ஈஸ்வரதாஸ் பொறுப்பில். ராடாரும் தொலை அளவீடும் ஆர். அரவமுதன் பொறுப்பில், ஒருங்கிணைப்பும் பாதுகாப்பும் ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம் பொறுப்பில். கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரேன் ராக்கெட்டைத் தூக்கி ஏவுமேடையில் வைக்கப்போகும் நேரத்தில் ராக்கெட் சாயத் தொடங்கியது. கிரேனில் எண்ணெய் கசிவு! பழுது பார்க்க நேரமில்லை. நல்லவேளையாகக் கசிவு சிறியது. இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கைகளால் தாங்கி அதை ஏவுமேடையில் ஏற்றினார்கள் என்று கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அன்று மாலை ராக்கெட் உமிழ்ந்த சோடியம் ஆவி வானில் ஒளிர்ந்தது.

அதே தும்பாவில், 2021 செப்டம்பரில், வேறொரு பாரம் வந்தது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் காற்றுச் சுரங்கத்துக்கான ராட்சதக் கருவி, பல அச்சு டிரெய்லரில் ஏறிக் கொல்லம் துறைமுகத்திலிருந்து சாலை வழியாக வந்தது. மனிதக் கை தூக்கக்கூடிய பாரமே அல்ல. ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் சிலர் வண்டியை மறித்து, இறக்குகூலியாக லட்சக்கணக்கில் கேட்டதாகச் செய்தி வந்தது. காவல்துறை தலையிட்ட பிறகே வண்டி உள்ளே போயிற்று. ஒலியைப் போல் நான்கு மடங்கு வேகம் வரை காற்றைச் செலுத்தும் அந்தச் சுரங்கத்தில் 2022 டிசம்பரில் முதல் சோதனை நடந்தது.

நியாயமான கூலியும் நோக்குகூலியும்

வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வாங்கும் பணத்துக்குத்தான் நோக்குகூலி என்று பெயர். 2018 மே தினத்திலிருந்து கேரள அரசு அதைத் தடை செய்தது. 2021-இல் உயர்நீதிமன்றமும் கடுமையாகக் கண்டித்து, அதை மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றமாகவே நடத்தச் சொன்னது. நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1978-ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம், ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக அமர்த்தும் ஆளைச் சுமட்டுத் தொழிலாளியாகக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே வீட்டுச் சாமானை நீங்களே இறக்கலாம். உங்கள் ஆட்களை வைத்தும் இறக்கலாம். தொழிலாளர்களை அழைத்தால் கூலி விகிதத்தை லேபர் ஆபீசில் முன்கூட்டியே விசாரித்து, பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ரசீதும் கேட்டு வாங்குங்கள். யாராவது மிரட்டினால் வாக்குவாதம் வேண்டாம், புகார் கொடுங்கள்.

அதற்காக உழைக்கிறவரின் கூலியை நோக்குகூலி என்று சொல்லிவிடக் கூடாது. அந்தச் சட்டமும் நல வாரியமும் வருவதற்கு முன் முதுகெலும்பு தேய்ந்து, நாற்பது வயதில் கூன் விழுந்து, கேட்பாரற்றுப் போனவர்கள் எத்தனையோ பேர். எங்கள் வீட்டு வாசலில் அன்று வந்த நாலு பேருக்கும் கல்லை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. அந்த அறிவுக்கும் சேர்த்துத்தான் கூலி. அப்பா இதைப் பிறகு பல முறை சொல்லியிருக்கிறார்.

நாஞ்சில் நாட்டிலும் திருவிதாங்கூரிலும் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் அத்தாணி என்பார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கும். தலைச்சுமைக்காரர் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், பாரத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம்.

அடுத்த முறை உங்கள் தெருவுக்குப் புதிய தமிழ்க் குடும்பம் ஒன்று சாமான் வண்டியோடு வந்து நின்றால், ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிராமல் ஒரு பழைய டயரையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் ஆட்டுக்கல் இன்னும் கரமனையில் அதே மூலையில்தான் இருக்கிறது. அதன் பிறகு நாங்கள் வீடு மாற்றவே இல்லை.