பெயர் மறைத்த சுவைத்தேர்வு

பல்கலைக்கழகத் தேர்வு எழுதுங்கால் நாம் விடைத்தாளின்மீது பெயரைப் பொறியாது எண்ணை மட்டுமே பொறிக்கின்றோம். எழுதியவன் இன்னார் மகன், இன்ன கல்லூரியான் என்று அறிந்த மாத்திரத்தே, திருத்துவோர் கை தம்மையறியாமலே ஏறவும் கூடும், இறங்கவும் கூடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். இவ்வெளிய உபாயத்தைத் திராட்சரசத்தின்மீது செலுத்தியபொழுது விளைந்த வியப்பொன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். மதுவைப் புகழ்தல் நம் கருத்தன்று. அதன் சுவையை நாம் அறிந்தோமும் அல்லோம். ஆயினும், தீர்ப்பு என்பது எவ்வாறு பிறக்கின்றது என்று காண்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் கிடைத்தல் அரிது.

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் உண்டு சாராயச் சத்தாக மாற்றுகின்றது. கரிய பழத்தின் சாற்றைத் தோலோடு புளிக்கவைப்பின் செந்நிறமும் துவர்ப்பும் ஏறும். தோலை முன்னரே நீக்கிவிடின் வெண்மது கிட்டும். கொடி ஒரே இனமாயினும், மண், வெயில், பழம் பறித்த காலம், மது கிடந்த மரப்பீப்பாய் ஆகியவற்றிற்கேற்பச் சுவை வேறுபடும். அவ்வேறுபாட்டைக் காண்பதே சுவைத்தேர்வாளர் தொழில். அவர் முதற்கண் கிண்ணத்தைச் சாய்த்து நிறம் பார்ப்பர். சுழற்றி மணம் முகர்வர். பின்னர் ஒரு வாய் கொண்டு, நாவெங்கும் உலவவிட்டு, விழுங்காமல் உமிழ்ந்துவிடுவர். இதனை அநாகரிகம் என்று நகுவோரும் உளர். பத்துக் கிண்ணத்தையும் விழுங்கிய நடுவர் பதினொன்றாவதற்கு இடும் மதிப்பெண்ணை நம்புவார் யார்?

பாரிஸ் நகரில் மதுக்கடையும், மதுவைப் பற்றிக் கற்பிக்கும் பள்ளியும் நடத்திவந்தவர் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர். அவரும், அவருடன் பணியாற்றிய பட்ரீசியா காலகர் என்னும் அமெரிக்கப் பெண்மணியும், 1976-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் ஒரு சுவைத்தேர்வு நடத்தினர். அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டு அது. கலிபோர்னியாவில் அண்மையில் தோன்றிய சிறு மது ஆக்குநரைப் பிரஞ்சுக்காரருக்கு அறிமுகப்படுத்துதலே அவர்கள் நோக்கம். அவர்கள் வெல்வர் என்று ஸ்பரியரும் எண்ணினாரில்லை. வெண்மதுவில் கலிபோர்னியாவினது ஆறு, பர்கண்டியினது நான்கு. செம்மதுவில் கலிபோர்னியாவினது ஆறு, போர்தோவினது நான்கு. நடுவராயிருந்த பிரஞ்சுக்காரர் ஒன்பதின்மரும் அத்துறையில் பெரும்பெயர் பெற்றவர்கள். எது எந்நாட்டது என்று காட்டாமலே ஊற்றிக் கொடுத்து, இருபதுக்கு மதிப்பெண் இடச் செய்தனர்.

இக்கலிபோர்னியர் யாவர்? 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நிலவிய மதுவிலக்கால் அந்நாட்டு மதுத்தொழில் சிதைந்து கிடந்தது. அதனை மீண்டும் தொடங்கியவருள் பலர் பரம்பரைத் தொழிலாளர் அல்லர். வாரன் வினியார்ஸ்கி என்பார் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடஞ்சொல்லியவர். 1964-இல் குடும்பத்தோடு நாபாப் பள்ளத்தாக்கை அடைந்து, பிறர் மதுச்சாலையில் ஊழியஞ்செய்து தொழில் கற்று, 1970-இல் நிலம் வாங்கிக் கொடி நட்டார். அவர் பாரிசுக்கு அனுப்பிய 1973-ஆம் ஆண்டு மது, மூன்றே ஆண்டு வளர்ந்த கொடியின் விளைவு. போர்தோ நாட்டார் கண்ணுக்கு அது தவழும் குழந்தையினும் இளையது! மோண்டெலீனா என்னும் மதுச்சாலையோ, நெடுங்காலம் தொழிலற்றுக் கிடந்து, 1972-இல் வழக்கறிஞர் ஒருவரால் புத்துயிர் பெற்றது. அங்கு மது ஆக்கியவர் குரோவேஷிய நாட்டினின்று குடியேறிய மைக் கர்கிச் என்பார்.

தேர்வு நடந்தவாறே நடுவர் தடுமாறலாயினர். ஒருவர் நாபாவின் வெண்மதுவை வாயிற் கொண்டு, பிரான்சுக்கே திரும்பிவிட்டதாக மகிழ்ந்துரைத்தார். அங்கிருந்த ஒரே பத்திரிகை நிருபரிடம் மதுக்களின் பட்டியல் இருந்தமையால், அவர் மட்டுமே இதன் நகைச்சுவையை அறிந்தார். முடிவில், வெண்மதுவில் மோண்டெலீனாவே முதலிடம் பெற்றது. முதல் நான்கிடத்துள் மூன்று கலிபோர்னியாவுக்கே உரியவாயின. செம்மதுவில், புகழ்மிக்க மூட்டோன் ரோத்ஷில்டையும் ஓ பிரியோனையும் பின்னிறுத்தி, வினியார்ஸ்கியின் ஸ்டாக்ஸ் லீப் முன்னின்றது. நடுவர் ஒருவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தருமாறு கேட்டனர் என்பர்.

குறைகூறுவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. செம்மதுவைச் சுவைக்குமுன்னரே வெண்மதுவின் முடிவை அறிவித்தது தவறு என்றே நமக்கும் தோன்றுகின்றது. ஒன்பதின்மர் நாவில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இருந்த இடைவெளி மிகச் சிறிது. மற்றொரு நாள் வரிசை மாறியிருத்தலும் கூடும். ஆயின், கலிபோர்னியர் தாழ்ந்தோர் என்ற முடிந்த முடிபு அன்றோடு ஒழிந்தது என்பதில் ஐயமில்லை.

போர்தோ மது முதிர்ந்த பின்னரே சிறக்கும், கலிபோர்னியாவினது விரைவில் வாடிவிடும் என்பது அடுத்த மறுப்பு. இதனைக் காலமே சோதிக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2006-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், அதே பத்துச் செம்மதுக்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மீண்டும் பெயர் மறைத்துச் சுவைத்தனர். முதல் ஐந்திடமும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன. ஆனால் முன்னின்றது வினியார்ஸ்கியின் மதுவன்று. 1976-இல் ஐந்தாமிடத்தில் நின்ற, ரிட்ஜ் மதுச்சாலையின் மோண்டே பெல்லோ என்னும் 1971-ஆம் ஆண்டு மதுவே.